சதுரங்க வல்லுநரின் சிந்தையை ஆராய்ந்தவர்

சதுரங்க வல்லுநர் ஏனையோரினும் பன்மடங்கு தூரம் முன்னோக்கிக் கணக்கிட்டே வெல்கின்றனர் என்பது பலர் கொள்கை. அதனை ஆராய்ந்து மாற்றிய ஒல்லாந்து நாட்டு உளநூற் பேராசிரியர் அட்ரியான் டெ குரோட் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கியுரைப்போம்.

1914-ஆம் ஆண்டிற் பிறந்த இவர் சதுரங்கத்தைத் தொழிலாகக் கொண்டாரல்லர். எனினும் 1937, 1939 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பியாட் போட்டிகளில் தம் நாட்டின் சார்பாக ஆடினார். அலெக்கைன், யூவே, கேரஸ் முதலிய பெருவல்லுநருக்கும், எளிய ஆட்டக்காரருக்கும் ஓர் ஆட்டநிலையைக் காட்டி, மனத்தெழும் எண்ணங்களையெல்லாம் வாய்விட்டுரைக்குமாறு வேண்டி, அவற்றை எழுதிவைத்தார்.

முடிவு வியப்பைத் தந்தது. பெருவல்லுநர் பிறரினும் மிகத் தூரம் நோக்கினாரல்லர். மிகப் பல வழிகளை ஆராய்ந்தாருமல்லர். ஆயினும் தக்க வழி அவர் கண்ணுக்கு விரைவிற் புலப்பட்டது. சில விநாடிகளே கண்ட ஆட்டநிலையையும் ஏறக்குறையப் பிழையின்றி நினைவிலிருந்து மீட்டுரைத்தனர். இவற்றை டெ குரோட் 1946-இல் தம் ஆராய்ச்சி நூலில் வெளியிட்டார்.

அங்ஙனமாயின் அந்நினைவாற்றல் பிறவிப் பேறோ? 1973-இல் அமெரிக்க அறிஞர் சேஸ், சைமன் என்போர் காய்களை ஒழுங்கின்றிச் சிதறவைத்துக் காட்டினர். அப்பொழுது வல்லுநரும் புதியோரும் ஏறக்குறைய ஒரு நிலையினராயினர். பல்லாண்டுப் பழக்கத்தால் உள்ளத்திற் படிந்த அமைப்புக்களே வல்லுநர்க்குத் துணை என்பது தெளிவாயிற்று.

டெ குரோட் 2006-இல் மறைந்தார். நினைவாற்றல் இல்லையென நொந்து நூலை மூடிவைக்கும் மாணவராகிய நமக்கு அவர்தம் ஆராய்ச்சி ஆறுதல் தருகின்றது. சோம்பலுக்குரிய சாக்கையும் பறித்துவிடுகின்றது. பெற்ற தாலந்தை மண்ணிற் புதையாது நாடோறும் பயில்வோமாக.