பெண்களுக்கு மைதானத்தைத் திறந்துவிட்ட ஆசிரியை செண்டா பெரன்சன்

பழைய மாணவியர் எங்கே கூடினாலும் பேச்சு சிறிது நேரத்தில் விளையாட்டு மைதானத்துக்கு வந்துவிடும். பரீட்சைப் புள்ளிகள் மறந்துபோயிருக்கும். ஆனால் வலைப்பந்தாட்டத்தில் எந்த இடத்தில் நின்றோம், கோட்டைத் தாண்டி விசில் வாங்கியது யார் என்பது மறப்பதில்லை. பாடசாலைப் பெண்கள் பந்தோடு ஓடுவது இன்று இயல்பான காட்சி. அது இயல்பாவதற்கு உழைத்த ஆசிரியைகளுள் முன்வரிசையில் நிற்பவர் செண்டா பெரன்சன் அம்மையார்.

இவர் 1868 மார்ச் 19ஆம் திகதி லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதளவில் குடும்பம் அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் தெருத் தெருவாகப் பொருள் விற்றுப் பிழைத்தார். பிற்காலத்தில் கலை விமர்சகராக உலகப் புகழ் பெற்ற பேர்னாட் பெரன்சன் இவருடைய தமையன். செண்டாவோ சிறுவயது முதல் நோஞ்சான். பியானோ பயிலச் சென்றவர், முதுகுவலியால் அதைத் தொடர முடியாமல் விட்டார்.

உடலைத் தேற்றிக்கொள்வதற்காகவே 1890இல் பொஸ்ரன் உடற்பயிற்சி ஆசிரிய கலாசாலையில் சேர்ந்தார். தொடக்கத்தில் பயிற்சிகளைத் தாங்குவதே கடினமாக இருந்தது. மெல்ல மெல்ல உடல் தேறியது. மனமும் அத்துறையிலேயே நிலைத்தது. 1892 ஜனவரியில், மசசூசெற்ஸ் மாநிலத்தில் பெண்களுக்கென்றே நடந்த ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையானார்.

கடும் உழைப்பு பெண்ணுடலுக்குத் தீங்கு செய்யும் என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. வரிசையில் நின்று கைகால் அசைக்கும் பயிற்சி மாணவியருக்குச் சலிப்பூட்டியது. அயல் நகரான ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசம்பரில் பீச் பழக் கூடைகளை மாட்டி ஒரு புது விளையாட்டைத் தொடங்கியிருந்தார். அதைப் பற்றி வாசித்த செண்டா, அந்தக் கூடைப்பந்தைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார்.

1893 மார்ச்சில் முதலாம் ஆண்டு மாணவியரும் இரண்டாம் ஆண்டு மாணவியரும் மோதினர். ஆண் பார்வையாளருக்கு அனுமதியில்லை. செண்டா பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடக்கியபோதே ஒரு மாணவியின் தோள்மூட்டு விலகிவிட்டது. விளையாட்டை எதிர்ப்போருக்கு அந்த ஒரு விபத்தே போதும். ஆனால் அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. மூட்டைச் சரிசெய்தபின் ஆட்டம் தொடர்ந்தது.

முரட்டுத்தனம் மிகுந்தால் விளையாட்டையே தடைசெய்துவிடுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே விதிகளை மாற்றினார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு வெளியேறக்கூடாது என்றார். எதிரணியினரின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதும், மூன்று செக்கனுக்கு மேல் அதை வைத்திருப்பதும் தடுக்கப்பட்டன. ஒருவரே ஓடி வெல்லாமல் எல்லோரும் சேர்ந்து ஆட இது வழிசெய்தது. நாம் ஆடிய வலைப்பந்தாட்டத்திலும் இவற்றை ஒத்த விதிகள் உள்ளதை வாசகியர் கண்டுகொள்வர். 1901இல் அவர் பதிப்பித்த விதிநூல் வெளிவந்தது. பெண்கள் கூடைப்பந்து விதிக்குழுவுக்கும் அவர் 1905 முதல் 1917 வரை தலைமை தாங்கினார்.

1911இல் ஸ்மித் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் ஹேர்பேட் அபொட்டை மணந்து அக்கல்லூரிப் பணியிலிருந்து விலகினார். ஆயினும் மைதானத்தை விடவில்லை. 1921 வரை பேர்ணம் பெண்கள் பாடசாலையில் உடற்கல்வியை நடத்தினார். 1954 பெப்ரவரி 16ஆம் திகதி கலிபோர்னியாவில் காலமானார்.

அவருடைய பணிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பெண்களைக் காக்க அவர் இட்ட கோடுகள் காலப்போக்கில் வேலியாயின. முழு ஆடுகளத்திலும் ஓட விரும்பிய பிற்காலப் பெண்கள் அவற்றுக்கெதிராக வாதாட வேண்டியிருந்தது. அரைக் களத்துக்குள் நின்று ஆடும் அறுவர் ஆட்டம் ஒக்லஹோமா மாநிலப் பாடசாலைகளில் 1995 வரை நீடித்தது. எனினும் அந்தக் கோடுகள் இல்லாதிருந்தால், அன்று பெண்களுக்குப் பந்தே கிடைத்திராது என்பதையும் மறத்தலாகாது.

பெண்கள் கூடைப்பந்து 1976இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஸ்பிரிங்பீல்டிலுள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபம் 1985இல் முதன்முறையாகப் பெண்களுக்கு இடமளித்தபோது, செண்டாவின் பெயரும் சேர்க்கப்பட்டது. அவருடன் சேர்க்கப்பட்டவர்களுள் ஒருவர் பேர்தா ரீக். ஒக்லஹோமாவின் பிங் என்ற சிற்றூர்ப் பாடசாலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களைப் பயிற்றுவித்து, 1,100க்கு மேற்பட்ட வெற்றிகளைக் கண்டவர் அவர். தோள்மூட்டு விலகியும் நிற்காத அந்த முதல் ஆட்டம் இப்படி எத்தனையோ சிற்றூர் மைதானங்களை வந்தடைந்தது.

எம்மையும் வெயிலில் ஓடவைத்த ஆசிரியைகள் இருந்தார்கள். அன்று அவர்களை நொந்துகொண்டோம். செண்டா அம்மையாரை நினைப்பதன் மூலம் அவர்களையும் நன்றியோடு நினைவுகூர்வோமாக.