வீட்டுக்குள் கிடந்த புதையல்!

குட்டீஸ்... மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், புதுச்சேரி வரும். 18-ம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு முக்கியக் காரணம், ஆனந்தரங்கம் பிள்ளை!

1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளையுடன் சிறு வயதிலேயே புதுச்சேரி வந்தார். வணிகத்தில் உயர்ந்து, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமை துபாஷி ஆனார். துபாஷி என்றால், இரண்டு மொழி தெரிந்து, வெள்ளைக்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவே பேசி வேலையை முடிப்பவர்.

1736 முதல், 1761-ல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல், போர் பற்றி மட்டுமா? வீட்டுத் திருமணம், குழந்தை பிறந்தது, ஊர் வணிகர்களின் பெயர்கள்... எல்லாம் அதில் உண்டு!

அவருக்குப் பின் அந்தக் குறிப்பேடுகள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தன. கரையான் அரித்திருந்தால், அத்தனை பேரும் மறைந்தே போயிருப்பார்கள்! நல்லவேளை... 1846-ல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு, படியெடுக்க வைத்தார். 1904 முதல் 1928 வரை, ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் வெளிவந்தன.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பத்திரமோ, கணக்கு நோட்டோ இருக்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன், தாத்தா, பாட்டியோடு உட்கார்ந்து படியுங்கள். அதில் இருக்கும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், சரியா?