மாலைக் கல்லூரியை மூடினார். பள்ளிக் கதவுகளைத் திறந்தார்: யார் இந்த சார்லஸ் ஹூஸ்டன்?

அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் பிரித்து வைப்பது செல்லாது என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள், 1954 மே 17. பிரவுன் வழக்கு என்றால் சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும். அதில் வாதாடிய தர்குட் மார்ஷலையும் தெரியும்.

ஆனால், அந்தத் தீர்ப்புக்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பே பாதை போட்டுக்கொடுத்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் பெயர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். அவர் வேலையைத் தொடங்கிய இடம், ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி.

ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 16-வது, அமைதி, நீதி, வலுவான நிறுவனங்கள். இன்று உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் இதைத் தங்கள் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொள்கின்றன. கருத்தரங்கம் நடத்துகின்றன, உறுதிமொழி எடுக்கின்றன. சரி, அதைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தால் நிஜமாகவே என்ன செய்ய முடியும்? ஹூஸ்டனின் வாழ்க்கையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் கசப்பும் கலந்த பதில்.

குமாஸ்தாவின் மகன்

ஹூஸ்டன் பிறந்தது 1895 செப்டம்பர் 3, தலைநகர் வாஷிங்டனில். அப்பா வில்லியம் பகலில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனவர். இந்த ஒரு தகவலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மகன் படிப்பில் கெட்டிக்காரர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் அவருடைய வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பின மாணவர். 1915-ல் முதல் வரிசை மாணவர்களில் ஒருவராகப் பட்டம் வாங்கினார். பிறகு ஹோவர்டில் ஆங்கிலம் கற்பித்தார். அப்போது வக்கீலாகும் எண்ணம் பெரிதாக இல்லை.

ராணுவத்தில் என்ன நடந்தது?

முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்களுக்குத் தனிப் பிரிவு, தனி முகாம். ஹூஸ்டன் அதிகாரி பயிற்சி முடித்து பிரான்ஸுக்குப் போனார். எதிரிப் படையைவிடச் சொந்தப் படையிடம்தான் அவர் அதிகம் பயப்பட வேண்டியிருந்தது. வெள்ளையின அமெரிக்க வீரர்களின் கூட்டம் ஒன்று அவரையும் சக அதிகாரிகளையும் சூழ்ந்துகொண்டு கொல்லப் பார்த்த சம்பவமும் நடந்தது. ராணுவ விசாரணைகளில் கறுப்பின வீரர்களுக்கு எப்படித் தண்டனை கொடுக்கப்படுகிறது என்பதையும் கிட்ட இருந்து பார்த்தார். அவர்களுக்காகப் பேச விஷயம் தெரிந்த ஆட்கள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

1919-ல் நாடு திரும்பினார். அந்த வருடக் கோடையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக் கலவரம். அவருடைய சொந்த ஊரான வாஷிங்டனிலும் தெருக்களில் ரத்தம் சிந்தியது. அதே ஆண்டு ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்.

(பெயர்க் குழப்பம் வேண்டாம். ஹார்வர்டு என்பது பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் பழைய, பணக்காரப் பல்கலைக்கழகம். ஹோவர்டு, அடிமை முறை ஒழிந்த பிறகு 1867-ல் வாஷிங்டனில் தொடங்கப்பட்டது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் பட்டம் வாங்கியது இந்த ஹோவர்டில்தான்.)

ஹார்வர்டின் புகழ்பெற்ற சட்ட இதழுக்கு ஆசிரியர் குழுவில் இடம்பிடித்த முதல் கறுப்பின மாணவர் ஹூஸ்டன். 1923-ல் அங்கே சட்டத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். 1924-ல் அப்பாவோடு சேர்ந்து வக்கீல் தொழில், கூடவே ஹோவர்டில் ஆசிரியர் வேலை.

அந்தக் கல்லூரி எப்படி இருந்தது?

அமெரிக்காவின் கறுப்பின வழக்கறிஞர்களில் பெரும் பகுதியினரை உருவாக்கியது ஹோவர்டு. ஆனால், அது ஒரு மாலைக் கல்லூரி. ஆசிரியர்களும் பகுதிநேரம், மாணவர்களும் பகுதிநேரம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து படிப்பார்கள். நூலகம் போதாது. அமெரிக்க வழக்கறிஞர்கள் சங்கத்தின் அங்கீகாரம் கிடையாது. ஆகவே, அங்கே படித்தவர்களை மட்டம்தட்டுவது ரொம்பச் சுலபம்.

1926-ல் ஹோவர்டின் தலைவரானவர் மோர்டெகாய் ஜான்சன். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். சட்டக் கல்லூரியைத் தூக்கி நிறுத்த அவர் தேர்ந்தெடுத்த ஆள் ஹூஸ்டன். 1929-ல் துணை டீன் பொறுப்பு கொடுத்தார்.

ஹூஸ்டன் செய்த வேலைகள் கேட்க சுவாரசியமில்லாதவை. முழுநேர ஆசிரியர்களை நியமித்தார். நூலகத்தைப் பெருக்கினார். சேர்க்கைத் தகுதியை உயர்த்தினார். பாடத்திட்டத்தை இறுக்கினார். 1931-ல் அமெரிக்க வழக்கறிஞர்கள் சங்கத்தின் அங்கீகாரம் வந்தது.

மாலை வகுப்பை ஏன் மூடினார்?

இங்கேதான் சிக்கல். அங்கீகாரத்துக்கும் முழுநேரப் படிப்புக்கும் கொடுத்த விலை, மாலை வகுப்புகள். 1930-ல் அவை மூடப்பட்டன. பழைய மாணவர்கள் பலர் கொதித்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பகலில் குமாஸ்தாவாகவும் எடுபிடியாகவும் உழைக்கிற கறுப்பினத்தவருக்கு வக்கீலாக இருந்த ஒரே வாசல் அது. அதை அடைத்தால் ஏழைகள் எங்கே போவார்கள்?

ஹூஸ்டனுக்கு இது தெரியாமல் இல்லை. அவருடைய அப்பாவே அந்த வாசல் வழியாக வந்தவர்தான். ஆனாலும் மூடினார்.

அவர் கணக்கு வேறு. எதிரே இருப்பது மாநில அரசுகள், அவர்களின் வக்கீல்கள், பல பத்தாண்டுகளின் தீர்ப்புகள். அரைகுறைப் பயிற்சியோடு போனால் வழக்கு தோற்கும். தோற்ற வழக்கு அதோடு முடியாது, அடுத்து வருகிறவர்களையும் கட்டிப்போடும் முன்னுதாரணமாகிவிடும். நிறைய வக்கீல்களைவிட, தோற்கடிக்க முடியாத சில வக்கீல்கள் அப்போது தேவை என்று முடிவெடுத்தார். சமூகத்தைச் சீர்படுத்தும் பொறியாளராக வேலை செய்யாத வக்கீல், அந்தச் சமூகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்பவர் என்பது அவர் கொள்கை.

அந்த முடிவால் வழக்கறிஞர் ஆக முடியாமல் போனவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறகு கிடைத்த வெற்றியைப் பேசும்போது இந்த விலையையும் சேர்த்துப் பேசுவதுதான் நேர்மை.

வகுப்பறையில் ஒரு ராணுவம்

ஹூஸ்டன் கண்டிப்பான வாத்தியார். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று, இரும்புக் காலணி. சரியான காரணம் சொல்லாத விடைக்கு மதிப்பெண் வராது. பாதியில் நின்றுபோனவர்கள் நிறைய.

பாடம் புத்தகத்தோடு முடியவில்லை. நீதிமன்றம், சிறை, மனநல மருத்துவமனை என்று மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். சட்டம் யார் தலையில் எப்படி விழுகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்.

1930-ல் சேர்ந்த மாணவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். அவருடைய சொந்த ஊரான பால்டிமோரிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால், அங்கே கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அதனால் தினமும் ரயிலேறி வாஷிங்டன் வந்து போனார். 1933-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். இரண்டாவது இடம் ஆலிவர் ஹில்லுக்கு. இருவருமே பின்னாளில் பிரவுன் வழக்குத் தொகுப்பில் வாதாடிய அணியில் இருந்தார்கள்.

முதலில் ஏன் சட்டக் கல்லூரிகள்?

1896-ல் உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் ஒரு கொள்கையை ஏற்றிருந்தது: தனித்தனியாக வைக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும். தென் மாநிலங்கள் இதில் முதல் பாதியை மட்டும் கடைப்பிடித்தன. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் எந்த லட்சணத்தில் இருந்தன என்பதை 1934-ல் ஹூஸ்டனே தென் கரோலினாவுக்குப் போய் கேமராவில் படம்பிடித்தார்.

1935-ல், கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசிய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் சிறப்பு வழக்கறிஞராக நியூயார்க் போனார். எடுத்த எடுப்பில் பள்ளிகளைத் தொட்டிருந்தால் நாடே கொந்தளித்திருக்கும், நீதிபதிகளும் பின்வாங்கியிருப்பார்கள். அதனால் உயர்கல்வியில் இருந்து தொடங்கினார்.

காரணம் எளிது. கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டக் கல்லூரியை அந்த மாநிலங்கள் நடத்தவே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் சமம் என்று எப்படி வாதாட முடியும்? புதிதாகக் கட்டலாம் என்றால் செலவு தாங்காது. சட்டக் கல்லூரி எப்படி இருக்க வேண்டும் என்று நீதிபதிகளுக்கு யாரும் விளக்கவும் தேவையில்லை, அவர்களே அங்கே படித்தவர்கள்தானே.

முதல் குறி, மேரிலாந்து. மார்ஷலுக்குக் கதவைத் திறக்காத அதே கல்லூரி. டொனால்டு முர்ரே என்ற பட்டதாரி விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். ஹூஸ்டனும் மார்ஷலும் சேர்ந்து வழக்கு நடத்தினார்கள். 1935-ல் கீழ் நீதிமன்றத்தில் வெற்றி, 1936-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அதே தீர்ப்பு. முர்ரே அங்கேயே படித்துப் பட்டம் வாங்கினார்.

அடுத்தது மிசௌரி. லாயிட் கெய்ன்ஸ் என்ற மாணவரை அந்த மாநிலப் பல்கலைக்கழகம் சட்டப் படிப்பில் சேர்க்கவில்லை. வேறு மாநிலத்தில் போய்ப் படி, செலவைத் தருகிறோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாதத்துக்கு முன்பு ஹோவர்டு சட்டக் கல்லூரியில் மாணவர்கள், ஆசிரியர்கள் முன்னால் ஹூஸ்டன் அதை ஒத்திகை பார்த்தார். எதிர்த்தரப்பு என்ன கேட்கும், நீதிபதி எங்கே மடக்குவார் என்று அலசினார்கள். பின்னாளில் பெரிய உரிமை வழக்குகளுக்கெல்லாம் ஹோவர்டில் இப்படி ஒத்திகை நடப்பது வழக்கமானது.

1938 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சொந்த மாநிலத்திலேயே சமமான சட்டக் கல்வி தர வேண்டும், வெளியூருக்கு அனுப்பிவைப்பது சமம் ஆகாது. ஆனால் கெய்ன்ஸ் அந்தக் கல்லூரியில் கால் வைக்கவே இல்லை. 1939-ல் சிகாகோவில் காணாமல் போனார். என்ன ஆனார் என்பது இன்றுவரை மர்மம்.

தீர்ப்புக்கு முன்பே ஓய்ந்த இதயம்

1938-ல் ஹூஸ்டன் வாஷிங்டன் திரும்பினார். என்.ஏ.ஏ.சி.பி.யில் அவர் இடத்துக்கு வந்தவர் அவருடைய மாணவர் மார்ஷல். ஹூஸ்டன் ஓய்வெடுக்கவில்லை. 1944-ல் ரயில் இன்ஜின்களில் வேலை பார்த்த கறுப்பின ஃபயர்மேன்களுக்காக வாதாடினார். ஒரு தொழிற்சங்கம் தான் பிரதிநிதித்துவம் செய்யும் எல்லாத் தொழிலாளர்களையும் பாகுபாடு இல்லாமல் நடத்த வேண்டும் என்ற தீர்ப்பை வாங்கினார். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைக்கும் வழக்கத்துக்கு எதிராக 1948-ல் வெற்றி கிடைத்தது.

தலைநகரின் பள்ளிகளுக்காகப் பெற்றோர் குழு ஒன்று போராடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் கார்ட்னர் பிஷப், முடிதிருத்தும் தொழிலாளி. அவர்களுக்காக ஹூஸ்டன் வழக்குகளை நடத்தினார். இதய நோய் முற்றியதும், பொறுப்பை ஹோவர்டு சட்டக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

1950 ஏப்ரல் 22 அன்று ஹூஸ்டன் இறந்தார். வயது 54. ஆறு வாரத்தில், ஜூன் 5 அன்று, டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவைத் திறந்த ஸ்வெட் வழக்குத் தீர்ப்பு வந்தது. நான்கு ஆண்டு கழித்து பிரவுன் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னது. நாப்ரிட் வாதாடிய தலைநகர்ப் பள்ளி வழக்கும் அதே நாளில் வென்றது. 1967-ல் மார்ஷல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார்.

சரி, நமக்கு இதில் என்ன?

முதல் விஷயம், இந்தக் கதையில் பல்கலைக்கழகங்கள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. நிறத்தைப் பார்த்துக் கதவை அடைத்தது மேரிலாந்தும் மிசௌரியும். அதைத் திறக்க ஆள் தயார் செய்தது ஹோவர்டு. பல்கலைக்கழகம் என்றாலே நீதியின் பக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, வலுவான நிறுவனம் என்பது ஹூஸ்டன் கையில் நூலகம், நேர அட்டவணை, தேர்வுத் தாள் என்ற சில்லறை வேலைகளாகத்தான் தொடங்கியது. நீதிமன்றம் என்ற இன்னொரு நிறுவனத்தை அதன் சொந்த விதிகளை வைத்தே பேசவைக்க அந்தச் சில்லறை வேலைகள் தேவைப்பட்டன. தெருவில் கும்பல் முடிவு செய்துகொண்டிருந்த விஷயங்களை அவர் வழக்காக மாற்றினார். அவரைப் பொறுத்தவரை அமைதிக்கான வழி அதுதான்.

மூன்றாவது, தரமா, வாய்ப்பா என்ற கேள்வி. நுழைவுத் தகுதியை உயர்த்தும் ஒவ்வொரு முடிவும் யாரையோ வெளியே தள்ளுகிறது. நம் ஊர் கல்லூரிகளிலும் தினமும் இதே சண்டைதான். ஹூஸ்டன் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். கிடைத்த தரத்தை வெளியே தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காகச் செலவழித்தார் என்பதுதான் அவர் முடிவுக்கான நியாயம். அந்த இரண்டாவது பாதி இல்லாமல் தரம் தரம் என்று மட்டும் பேசுகிறவர்கள் அவர் பெயரைத் துணைக்கு அழைக்க முடியாது.

ஹோவர்டு சட்டக் கல்லூரியின் முதன்மைக் கட்டடத்துக்கு இன்று அவர் பெயர்தான்: ஹூஸ்டன் ஹால்.