கூட்டு வாணிபத்தில் இமாம் அபூஹனீபா (ரஹ்)

இமாமுல் அஃளம் அபூஹனீபா நுஃமான் பின் ஸாபித் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) கூஃபா நகரில் பிறந்தார்கள். மார்க்கச் சட்ட மேதையாக உலகம் போற்றும் அன்னார், பெயர் பெற்ற துணி வணிகராகவும் விளங்கினார்கள். ஹிஜ்ரி 120-ல் ஆசிரியர் ஹம்மாத் (ரஹ்) அவர்கள் மறைந்தபின் பாடம் போதிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். அப்போதும் வாணிபத்தைக் கைவிடாமல், பங்காளிகளைக் கொண்டு நடத்தி வந்தார்கள்.

ஒருமுறை தம் பங்காளி ஹஃப்ஸ் பின் அப்துர் ரஹ்மானிடம் சரக்கை ஒப்படைத்தபோது, அதில் ஒரு துணியில் குறை உண்டென்றும், வாங்குவோரிடம் அதைச் சொல்லியே விற்க வேண்டுமென்றும் இமாமவர்கள் பணித்தார்கள். ஹஃப்ஸ் அதனை மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரெனவும் தெரியவில்லை. இதையறிந்த இமாமவர்கள் அச்சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இலாபத்தைப் பங்கிடுமுன், அது தூய்மையானதா என்று பார்த்த பெருந்தகை அவர்கள்!

கடைவீதியை நன்கறிந்த அன்னாரின் மத்ஹப், கூட்டு வாணிபத்திற்குத் தெளிவான சட்டங்களை வகுத்துள்ளது. இலாபத்தைப் பாதி, மூன்றிலொன்று என விகிதமாகவே முன்கூட்டிப் பேசி முடிக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் மாதம் இவ்வளவு எனத் தொகையை உறுதி செய்தால் கூட்டு செல்லாது. கிடைத்த இலாபமே அத்தொகை அளவுதான் என்றால் மற்றவர் கதி என்ன? இருவரும் முதலிட்டு உழைக்கையில், ஒருவருக்கு அவரது முதலின் விகிதத்தைவிட அதிக இலாபம் பேசிக்கொள்ளலாம். நட்டத்தையோ அவரவர் முதலின் விகிதப்படியே ஏற்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இலாபமும் முதலின் விகிதப்படியே பங்கிடப்படும். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தரும் முளாரபாவில், நட்டம் முதலுடையவரைச் சாரும். கவனக்குறைவோ மோசடியோ செய்யாதவரை, உழைத்தவர் தம் உழைப்பை மட்டுமே இழப்பார்.

இமாமவர்கள் தம் வாணிப இலாபத்தைக் கொண்டு அறிஞர்களையும் மாணவர்களையும் ஆதரித்தார்கள். ஆட்சியாளரின் பொருளை எதிர்பாராத அன்னார், கலீஃபா மன்ஸூர் அளிக்க முன்வந்த நீதிபதிப் பதவியை மறுத்துச் சிறைப்பட்டார்கள், ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பாக்தாதில் மறைந்தார்கள்.

உடன்பிறந்தாரும் நண்பரும் கூடிக் கடை திறக்கையில், உறவை நம்பி விகிதத்தைப் பேசாமல் விடுவதுண்டு. பின்னர் அதுவே உறவை முறிக்கிறது. முதல் நாளிலேயே விகிதத்தை எழுதி வைப்போம்; கணக்கு முடிக்கும் நாளில், வந்த பணம் ஹலாலானதா என்றும் பார்ப்போம். வல்ல அல்லாஹ் நம் வாணிபங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.