ஃபாரின் ரிட்டர்ன் அம்பேத்கர்

ஃபைனல் இயர் வந்தாலே ஹாஸ்டலில் ரெண்டு கூட்டம். ஒன்று பிளேஸ்மென்ட்டுக்கு ஓடும், இன்னொன்று எம்.எஸ். அப்ளிகேஷன் போடும். நீங்க ரெண்டாவது கூட்டமா? அப்போ இதைப் படிச்சுட்டுப் போங்க. கையில் புத்தகத்தோடு நிற்கும் சிலையாகத்தான் நம்மில் பலருக்கு அம்பேத்கரைத் தெரியும். அவரும் 22 வயசில் ஸ்காலர்ஷிப்பில் ஃபாரின் போன ஸ்டூடன்ட்தான்.

1891-ல் மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர். பள்ளியில் மற்ற பசங்களோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் கோணிதான் அவருக்கு இடம். தாகம் எடுத்தால் குழாயை அவர் தொடக்கூடாது. ப்யூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். ப்யூன் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை.

1912-ல் பம்பாயில் பி.ஏ. முடித்தார். அடுத்த வருடம் பரோடா மன்னர் சாயாஜிராவ் ஸ்காலர்ஷிப் கொடுத்தார். மாதம் 11.5 பவுண்டு, மூன்று வருடம். படித்து வந்து பத்து வருடம் பரோடாவில் வேலை செய்யணும் என்று பாண்ட்.

1913 ஜூலையில் நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், தத்துவம் எல்லாம் படித்தார். ஜான் டூயி, செலிக்மன் போன்றவர்கள் பேராசிரியர்கள். ஹாஸ்டலில் நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கிடைத்தார். 1915-ல் எம்.ஏ. 1916-ல் இந்தியாவின் ஜாதிகள் பற்றி ஒரு செமினாரில் கட்டுரை வாசித்தார். பிறகு லண்டன். அங்கே படிப்பு பாதியில் இருக்கும்போதே ஸ்காலர்ஷிப் முடிந்தது. 1917-ல் திரும்ப வேண்டியதாயிற்று. தனிக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் உலகப்போரில் கடலோடு போயின.

இப்போ பரோடா. பாண்ட் படி வேலையில் சேர்ந்தாச்சு, ஆனால் தங்க இடமில்லை. வெளிநாட்டில் இருந்த வருடங்களில் தான் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே போய்விட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். ஊர் மறக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சி பெயரில் தங்கினார். பதினொன்றாம் நாள் தடிகளோடு ஆட்கள் வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். உதவி கேட்ட ரெண்டு நண்பர்களும் கைவிரித்தார்கள். கொலம்பியா எம்.ஏ. ஒரு பூங்காவில் உட்கார்ந்து ராத்திரி ரயிலுக்குக் காத்திருந்தார்.

நாமாக இருந்தால் அடுத்த கப்பலிலேயே திரும்பிப் போய் செட்டில் ஆகியிருப்போம் இல்லையா?

அவரும் திரும்பிப் போனார், ஆனால் விட்ட படிப்பை முடிக்க. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சம்பளத்தைச் சேர்த்தார். பதேனா கடன் கொடுத்தார், கோலாப்பூர் மன்னர் ஷாகு உதவினார். 1920-ல் மறுபடி லண்டன். பம்பாயில் மனைவி ரமாபாய் வறுமையில் குடும்பத்தைத் தாங்கினார். அவர்கள் பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள். ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு 1923-ல் டி.எஸ்.சி. பட்டம், கூடவே பாரிஸ்டர். கொலம்பியா பிஎச்.டி. 1927-ல் வந்தது.

அதே 1927 மார்ச்சில் மகாத் ஊரின் சவ்தார் குளத்துக்கு மக்களோடு நடந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அந்தப் பள்ளிக்கூடக் குழாய் ஞாபகம் இருக்கா? வலியை அவர் சின்ன வயசிலேயே பார்த்துட்டார். அந்தக் குழாய்க்கு ப்யூன் தேவையே இல்லாத ஊர் உண்டு என்பதை வாழ்ந்து பார்த்தது நியூயார்க்கில்தான். ஒருதடவை அப்படி வாழ்ந்தவரிடம் ஊர் வழக்கம் என்று சொன்னால் எப்படி எடுபடும்? 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் வரைவுக்குழுத் தலைவர் அவர். அதில் தீண்டாமை ஒழிக்கப்பட்டது 17-வது பிரிவில். 1952-ல் கொலம்பியா அழைத்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1956-ல் மறைந்தார்.

போன வருஷம் என் ஃப்ரெண்டோடு வாடகை ரூம் தேடிப் போனேன். ஹவுஸ் ஓனர் ஊர் கேட்டார், பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். எதுக்குக் கேட்கிறார்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். பதில் சொல்லாம வந்துட்டோம், ரூமும் கிடைக்கல. நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இன்னும் உறுத்துது.

எம்.எஸ். போங்க, நல்லா படிங்க. அங்கேயே இருந்தாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி. ஆனால் அங்கே பழகின சமத்துவத்தை ஏர்போர்ட்டிலேயே விட்டுட்டு வராதீங்க.