யோவான் ஆமோஸ் கொமேனியுஸ்

தாய், தந்தை, தமக்கை என்னும் உறவுச் சொற்களை இளங்குழந்தைக்குக் கற்பிக்குமிடத்து, முதலிற் படத்தைக் காட்டிப் பின்னர் அதன் அருகே சொல்லை வைப்பது இன்று தொடக்கப் பள்ளிகளில் எங்கும் வழங்கும் முறையாம். இம்முறையை நூல்வடிவாக்கி ஐரோப்பியச் சிறார்க்கு அளித்த பெரியார், பெற்றோரை இளமையிலும், மனைவி மக்களை வாலிபத்திலும் இழந்தவர் என்பது நம்மிற் பலர் அறியாதது.

கொமேனியுஸ் 1592-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் தேதி மொராவியா நாட்டிற் பிறந்தார். ஏறக்குறையப் பன்னிரண்டு வயதில் தாய் தந்தையரற்றவரானார். பதினாறு வயதுக்குப் பின்னரே இலத்தீன் கற்கத் தொடங்கினார். பொருள் விளங்காது சொற்களை மனனம் செய்த துன்பம் அவர் உள்ளத்தை விட்டகலவில்லை. ஹெர்போர்ன், ஹைடல்பெர்க் நகரங்களிற் பயின்று, 1616-இல் சகோதர சபையின் குருவானார். முப்பதாண்டுப் போர் மூண்டது. புல்னெக் நகரை விட்டோடி ஒளிந்து வாழ்ந்த காலத்தே, 1622-இல், அவர்தம் மனைவியும் இரு புதல்வரும் கொள்ளைநோய்க்கு இரையாயினர். 1628-இல் தாய்நாட்டைத் துறந்து போலந்தின் லெஷ்னோ நகர் புகுந்தார். இங்கிலாந்து, சுவீடன் முதலிய நாடுகளும் அவரை அழைத்தன. அவற்றை ஈண்டு விரிக்கவில்லை.

1650-இல் ஹங்கேரியின் சாரோஷ்பட்டாக் பள்ளிக்குச் சென்ற கொமேனியுஸ், தாம் எழுதிய எளிய இலத்தீன் பாடமும் மாணவர்க்கு அரிதாயிருத்தலைக் கண்டார். பொருளைக் காணாத கண்ணுக்குச் சொல் வெறும் ஓசையே என்று துணிந்து, சித்திர உலகம் என்னும் பொருள்படும் நூலை இயற்றினார். படஞ்செதுக்குவோர் ஆண்டுக் கிடையாமையால் கையெழுத்துப்பிரதி ஜெர்மனியின் நூரென்பர்க் நகருக்கு அனுப்பப்பெற்று, 1658-இல் இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே அமைய அச்சேறியது. அதனில் 150 பாடங்கள். படத்தின் உறுப்புகளுக்கு எண்ணிட்டு, அவ்வெண்ணையே சொல்லுக்கும் இட்டிருக்கின்றார். காக்கை கரைதல், ஆட்டுக்குட்டி கத்துதல், குழந்தை அழுதல் ஆகிய ஒலிகளால் எழுத்துக்களைத் தொடங்குகின்றார்.

உறவுமுறைக்கென ஒரு மரமே வரையப்பட்டுளது. மேலே முன்னோரும், கீழே மக்களும் பேரரும், பக்கங்களில் உடன்பிறந்தாரும் நிற்பர். இலத்தீனில் தந்தையின் உடன்பிறந்தானுக்கு ஒரு சொல், தாயின் உடன்பிறந்தானுக்கு வேறு சொல். அத்தைக்கு ஒன்று, தாயின் உடன்பிறந்தாளுக்கு மற்றொன்று. ஆங்கிலச் சிறுவன் இவற்றை விளங்கிக்கொள்ள இடர்ப்படுவான். சிற்றப்பனையும் அம்மானையும் மயங்காத தமிழ்ச் சிறுமியோ உடனே விரல்வைத்துக் காட்டுவாள்! பிறிதொரு பாடத்தில் தந்தை உழைப்பதும், தாய் பாலூட்டுவதும், தொட்டிலிற் குழந்தை துயில்வதும், நடைபழகுவதும் காணலாம். தம் இல்லம் வெறிதான ஒருவர் இப்பாடத்தை எத்தகைய உள்ளத்துடன் எழுதினாரோ!

நெசவும் தையலும் அந்நூலில் தனிப் பாடங்களாயிருத்தலின், திருப்பூரைச் சார்ந்த நமக்கு அது அயலன்று. காதர்பேட்டையின் பனியன் கடைகளைச் சூழ்ந்து, தென் மாவட்டங்களினின்றும் வடநாட்டினின்றும் பிழைக்க வந்த பெற்றோரின் குழந்தைகள் வாழ்கின்றனர். தமிழிலும் இந்தியிலும் பெயரெழுதிய ஒரு குடும்பப் படம், அவர்தம் வீட்டுமொழியை இகழாது பள்ளிமொழிக்கு வழிகாட்டும். ஆனால் அச்சுப்படத்துக் குடும்பத்தையே குடும்பமென வற்புறுத்தலாகாது. பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு முதற்படம் பாட்டியே ஆகுக என்பது நம் கருத்து.

நூல் வெளிவருமுன்னரே, 1656-இல், லெஷ்னோ எரியுண்டது. நாற்பதாண்டுக்கு மேல் அவர் தொகுத்த செக்கு மொழி அகராதியின் கையெழுத்துப்பிரதி சாம்பலாயிற்று. முதியவர் ஆம்ஸ்டர்டாம் நகரில் அடைக்கலம் புகுந்து, 1670 நவம்பர் 15-இல் உயிர்நீத்தார்; அவருடல் நார்டன் ஊரில் அடக்கஞ்செய்யப்பட்டது. அவர் மகள்வயிற்றுப் பேரரான யாப்லொன்ஸ்கி 1735-இல் சகோதர சபையின் கண்காணிப் பட்டத்தைப் புதிய தலைமுறைக்கு வழங்கினார். அச்சபையார் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து ஒரு தோட்டத்திற் குடியேறினர்.