குடிசையும் கட்டிக்கொள்ளாத கொடைவள்ளல் காட்கே மகராஜ்

அருளாளர்தம் வரலாறுகளை நாம் விரும்பிப் படிக்கின்றோம். ஆயினும் அத்தகைய அருளாளர் ஒருவர் கந்தலுடுத்து, அழுக்குப் படிந்த மேனியராய் நம் வாயிலில் வந்து நின்றால் அவரை வரவேற்போமா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் மக்கள்முன் நிறுத்திய பெருமகனார் ஒருவர், நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய நாட்டிலேயே இருந்தார். அவர்தாம் காட்கே மகராஜ்.

அமராவதி மாவட்டத்தில் ஷேண்ட்காவ் என்னும் சிற்றூரில் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், சலவைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் தேபுஜி. தந்தையார் குடிப்பழக்கத்தால் உடல் நலிந்து காலமாகவே, தாயார் மகனுடன் தாபுரி என்னும் ஊரிலிருந்த தம் உடன்பிறந்தார் இல்லத்தை அடைந்தார். மும்பை–நாக்பூர் இருப்புப்பாதையில் பயணம் செய்த அன்பர்கள் மூர்த்திஜாப்பூர் நிலையத்தை அறிவர். அவ்வட்டத்தைச் சேர்ந்ததே தாபுரி. அங்கே தேபுஜி மாடு மேய்த்தார், ஏர் பிடித்தார். பள்ளியில் பயிலும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. மணம் முடித்து மக்களையும் பெற்றார். மகளின் பெயர்சூட்டு விருந்தில் குலவழக்கமான மதுவையும் புலாலையும் விலக்கி இனிப்புணவு படைத்தார். தந்தையை மாய்த்த தீமையைத் தம் இல்லத்தில் நுழையவிடாத உறுதி அது.

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவர் வீட்டை விட்டு வெளியேறினார். பல நிறத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஆடை, கையில் ஒரு துடைப்பம், ஒரு மண்கலம் ஆகியவையே அவர் உடைமை. அக்கலமே அவருக்கு உண்கலம். வழி நடக்கும்போது அதுவே தலைக்குக் கவிப்பு. மராத்தியில் காட்கே எனப்படும் அம்மண்கலமே பின்னர் அவர் பெயராயிற்று.

ஊரும் பேரும் தெரியாத கந்தலாடையரை உலகம் எவ்வாறு நடத்தும் என்பதை நாம் அறிவோம். களவு போனால் முதலில் ஐயுறப்படுபவன் அவன். திண்ணையில் அமர்ந்தால் எழுப்பப்படுபவன் அவன். மகராஜும் ஏச்சையும் இகழ்ச்சியையும் மிகுதியாகப் பெற்றார். ஆனால் அவர் மறுமொழி கூறுவதில்லை. ஊருக்குள் நுழைந்ததும் துடைப்பத்தை எடுத்துத் தெருவையும் சாக்கடையையும் தூய்மை செய்யத் தொடங்குவார். நம் அப்பரடிகள் கோயில் முற்றங்களில் உழவாரம் ஏந்தினார். இவர் ஊர்த் தெருக்களில் துடைப்பம் ஏந்தினார். மாலையில் அதே தெருவில் கீர்த்தனம் நடைபெறும். பகலில் பித்தன் என்று நகைத்தவர்களே இரவில் கூடியிருந்து கேட்பர்.

அக்கீர்த்தனங்களில் அவர் வலியுறுத்திய அறங்கள் எளியவை. பசித்தோர்க்கு உணவு, தாகமுற்றோர்க்கு நீர், ஆடையற்றோர்க்கு ஆடை, ஏழைச் சிறார்க்குக் கல்வி, வீடற்றோர்க்குப் புகலிடம், நோயுற்றோர்க்கு மருந்து. இவையே கடவுள் வழிபாடு என்றார். கால்தொட்டு வணங்க எவரையும் அவர் விடவில்லை.

மக்கள் மனமுவந்து அளித்த பொருள் பெருகிற்று. அப்பொருளால் பண்டரிபுரம், நாசிக், ஆளந்தி முதலிய தலங்களில் தர்மசாலைகள் எழுந்தன. பண்டரிபுரத்தில் அந்நாளில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்குத் தங்க இடம் கிடைப்பதரிது. நம் நந்தனாரைப் போல் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சோகாமேளர் என்னும் அடியாரின் பெயரால் மகராஜ் அங்கே அவர்கட்கென ஒரு தர்மசாலை அமைத்தார். பின்னர் அதனை டாக்டர் அம்பேத்கரின் கல்விக் கழகத்திற்கு வழங்கினார். மும்பையில் ஜே.ஜே. மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளரின் சுற்றத்தார் நடைபாதையில் கிடவாதிருக்கவும் ஒரு தங்குமிடம் உண்டாயிற்று. இத்தனை கட்டடங்களை எழுப்பியவர் தமக்கென ஒரு குடிசையும் கட்டிக்கொள்ளவில்லை.

1956-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அம்பேத்கர் மறைந்தார். இரு வாரம் கழித்து, 20-ஆம் நாள், அமராவதிக்குச் செல்லும் வழியில் மகராஜும் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இதன்பின் நிகழ்ந்தது நம் சிந்தனைக்குரியது. மூன்றே ஆண்டுகளில், 1959-இல், பம்பாய் மாகாணத்தில் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. கண்கூடான ஜீவனோபாயம் இன்றிப் பொது இடங்களில் திரிந்து, பிச்சையேற்று வாழ்பவராகத் தோன்றுவோரையும் அச்சட்டம் பிச்சைக்காரர் என்றே கொண்டது. வாரண்டு இன்றியே அவர்களைப் பிடிக்கலாம். முதன்முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பிடத்தில் அடைக்கலாம். மண்கலமும் கந்தலுமாய்த் திரிந்த மகராஜ் உயிரோடு இருந்திருப்பின், அவரையும் அச்சட்டம் பற்றியிருக்கும் அன்றோ! தில்லியில் அச்சட்டம் நடைமுறையில் இருந்தபோது, வறுமையைக் குற்றமாக்கலாகாது என்று கண்டு அதன் முக்கியப் பிரிவுகளை 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் செல்லாதனவாக்கிற்று. அதற்குள் 59 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இடையே 1998-இல் மகராஜின் உருவம் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. கிராமத் தூய்மை இயக்கத்திற்கும் அமராவதிப் பல்கலைக்கழகத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயருக்கு மாலை, அவர் கோலத்தில் திரிவோர்க்கோ சிறை!

சட்டத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாய் மொழி தெரியாத நிலையத்தில் இறங்கி, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை ஒண்ட இடமின்றி அலைந்தோர் நம்முள் பலர். நமக்கு வேலை உத்தரவு ஒன்று சட்டைப்பையில் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவ்விரண்டும் இல்லாதவனே பிளாட்பாரத்தின் கோடியில் படுத்திருக்கின்றான். வழிப்போக்கர்க்கென்றே வீட்டின் முன் திண்ணை வைத்துக் கட்டிய முன்னோரின் வழிவந்த நாம், அவனைக் கண்டு மூக்கைப் பொத்துதல் முறையாகுமா?

நம் காலனித் தாய்மார்களும் பெரியோர்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் வீட்டிற்கொரு பழங்கம்பளம் ஒதுக்கினாலும் பல உயிர்கள் காக்கப்படும். அதனினும் முதற்கண் செய்யத்தக்கது, அவர்களைக் கடிந்து விரட்டாதிருத்தலும் மனிதராய் மதித்து ஒரு சொல் பேசுதலுமாம். நம் சிறார் நம்மைப் பார்த்தே அதனைக் கற்றுக்கொள்வர்.